சந்தையில் அறிவித்த சம்சாரம்

திருமயம் கடைவீதியில் பொன்னுத்தாய் வைத்தியசாலை திறந்து ரெண்டு வருசம் ஆகியும் ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. மதராசில் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்தான். ஆனால் நாலு ஆம்பளைகள் சேர்ந்தாற்போல வந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். துணித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, நோயாளி சொல்வதைக் கேட்டு, என்ன மருந்து என்று மெதுவாகச் சொல்வாள். கம்பவுண்டர் ஆத்மநாதன் அதைக் காதில் வாங்கி, கோட்டைத் தடவிவிட்டுக்கொண்டு, கணீரென்று எடுத்து விடுவார். நரைத்த மீசை, மூக்குக்கண்ணாடி. சனங்கள் அவரையே டாக்டரய்யா என்றார்கள். அவரும் இல்லையென்று சொன்னதில்லை, பொன்னுத்தாயும் சொன்னதில்லை. அவளுக்கும் அது சௌகரியமாய்த்தான் இருந்தது.

அந்த ஆத்மநாதன்தான் ஞாயிற்றுக்கிழமையோடு வேலையை விட்டு, அறந்தாங்கியில் மகன் வீட்டோடு போகிறார். சேதி தெரிந்ததும் வல்லத்திராக்கோட்டையிலிருந்து பொன்னுத்தாயின் அண்ணன் கடுதாசி போட்டுவிட்டான். கூட்டம் வராவிட்டால் பூட்டிவிட்டு வந்துவிடு, உனக்கு ஒரு அறை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன் என்று.

"சந்தையில தமுக்கடிச்சுச் சொல்லிருவோம், நான் போனாலும் வைத்தியசாலை இருக்கும்னு" என்றார் ஆத்மநாதன்.

"நீங்களே சொல்லி விட்டுருங்கண்ணே."

பாருங்கள், அதற்கும் அவர்தான்.

சந்தையன்று அவள் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது இருளாண்டியின் தமுக்குச் சத்தம் கேட்டது.

"சகல சனங்களும் கேட்டுக்குங்க! நம்ம டாக்டரய்யா அறந்தாங்கி போறாரு! திங்கக்கெழமையிலேர்ந்து அவரு சம்சாரம் வைத்தியம் பாப்பாங்க!"

பொன்னுத்தாய் கையிலிருந்த கத்தரிக்காய் உருண்டது.

"அந்தச் சின்னப் பொண்ணா சம்சாரம்?" என்றாள் வெங்காயம் விற்கும் பிச்சையம்மாள். "ரெண்டாந்தாரமா இருக்கும்."

"அதான் தடுப்புக் கட்டி மறைச்சு வச்சிருந்தாரு மனுசன்" என்றார் கருவாட்டு வியாபாரி சைபுல்லா. "அந்தம்மாவுக்குப் பொட்டலம் மடிக்கத்தான் தெரியும். இனிமே நாம புதுக்கோட்டைக்குத்தான் பஸ் ஏறணும்."

வெள்ளையடித்த அந்த அறை பொன்னுத்தாயின் கண்முன் வந்து நின்றது. கூடையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நிறுத்துங்க" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். அதுவும் கருவாட்டு வாடையோடு கலந்து போய்விட்டது. மூன்றாவது தடவை, இருளாண்டி கையிலிருந்த குச்சியைப் பிடுங்கித் தானே நாலு அடி அடித்தாள். சந்தையே திரும்பிப் பார்த்தது.

"நான் யாருக்கும் சம்சாரம் இல்லை!"

முதலில் வாயில் வந்தது அதுதான். சனம் கொல்லென்று சிரித்தது. காது சிவந்தாலும் அவள் விடவில்லை.

"நான்தான் டாக்டர். பேரு பொன்னுத்தாய். ரெண்டு வருசமா ஒங்களுக்கு மருந்து சொன்னது நான். ஆத்மநாதன் அண்ணன் கம்பவுண்டர்."

"அப்ப என் வயித்துப்புண்ணுக்குக் கருவாடு ஆகாதுன்னது?" என்றார் சைபுல்லா.

"நான்தான்."

"கருவாடு விக்கிறவன்கிட்ட அதைச் சொல்ல ஒங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"விக்க வேணாம்னு சொல்லலையே, திங்க வேணாம்னுதானே சொன்னேன். இப்ப வாயில என்ன மெல்றீங்க?"

சைபுல்லா அவசரமாக விழுங்கினார். பிச்சையம்மாள் வெங்காயத்தை விட்டு எழுந்து வந்து, "ஆத்தா, ராத்திரியெல்லாம் முட்டி கொடையுது. திங்கக்கெழமை வாரேன், ஒரு எட்டுப் பாரு" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர் முட்டியைத் தடவினார்கள்.

ஓடி வந்த ஆத்மநாதன் இருளாண்டியைப் பிடித்துக்கொண்டார். "சம்சாரம்னு ஒனக்கு யாருய்யா சொன்னது?"

"யாரு சொல்லணும்? தடுப்புக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு, மூஞ்சியும் காட்டாம, ஒரு ஆளுகிட்ட மட்டும் குசுகுசுன்னு பேசுனா அது பொண்டாட்டி இல்லாம யாருங்க?"

பொன்னுத்தாய்க்குச் சிரிப்பு வந்தது.

"இன்னொண்ணு அம்மா" என்று இருளாண்டி தலையைச் சொறிந்தான். "நேத்து அரிமளத்துலயும் இதையேதான் அடிச்சுட்டு வந்தேன். நாளைக்கு அங்கிட்டுப் போய் மாத்திச் சொல்லிர்றேன்."

"நீங்க அடிங்க, போதும்" என்றாள் பொன்னுத்தாய். "சொல்றதை நான் சொல்லிக்கிறேன். காலையில எத்தனை மணிக்குப் பஸ்ஸு?"