ஒன்பதாவது மடிப்பு

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் தொடங்கியது. கதை எழுதும் எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை. பழைய கார்களுக்கு இருக்கை உறை தைத்து ஊர் ஊராகப் பார்சல் அனுப்பும் கடை ஒன்று, நாற்பத்தோராவது வருஷத்தில் மூடப்படுகிறது. அதை வாடிக்கையாளர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் முறைப்படி தெரிவிக்க வேண்டும். கடை என் மனைவியும் அவளுடைய அக்காவும் நடத்துவது. அக்கா வெட்டுவார், என் மனைவி தைப்பாள், கடிதப் போக்குவரத்து என்னுடையது.

பொருள்: கடை மூடுதல் தொடர்பாக.

இதுவரை தடங்கல் இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘கனத்த இதயத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்—’

“யாருக்குக் கனத்துச்சு மாப்பிள்ளை?” என்றார் அக்கா. “எனக்கு முதுகுதான் கனக்குது. மனசு பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கு.”

இரண்டாவது: ‘காலத்தின் மாற்றத்தால்—’

“காலம் நம்மள என்ன பண்ணுச்சு? ஆர்டர் வந்துகிட்டுத்தான் இருக்கு. போதும்னு தோணுச்சு, மூடுறோம். அப்படியே எழுதுங்க.”

மூன்றாவது: ‘இத்தனை ஆண்டுகள் அசலுக்கு அசலாக உறை தைத்துத் தந்த மனநிறைவுடன்—’

இதைக் கேட்டதும் அக்கா கையிலிருந்த கத்தரியை மேசைமேல் வைத்தார்.

(கதை உண்மையில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மேலே இருப்பதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அக்காவின் குரல் வீணாகிவிடும் என்று விட்டுவைத்தேன்.)

3

எங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது ஓர் உருண்டைக் கார். வீட்டில் அதைப் பூசணி என்போம். கம்பெனி பேரை எழுதப்போவதில்லை. அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. பூசணியின் இருக்கை முதுகில் பஞ்சு அடைத்த மடிப்புகள் மேலிருந்து கீழாக ஓடும். மொத்தம் ஒன்பது. பழைய கார்களைப் பற்றிய கையேட்டிலும் ஒன்பது என்றே போட்டிருக்கிறது. கண்காட்சிகளில் நடுவர்கள் குனிந்து எண்ணிப் பார்த்துத்தான் ‘அசல்’ என்று மார்க் போடுவார்கள்.

“கம்பெனிக்காரன் போட்டது எட்டு” என்றார் அக்கா.

தையல் மிஷின் நின்றது.

“என்னக்கா சொல்ற?”

“கடை திறந்த வாரமே நம்மகிட்ட வந்த முதல் பூசணியில எட்டுதான் இருந்துச்சு. அப்ப நீ மிஷின்ல உட்காரவே இல்ல. வாங்கின ரெக்சின்ல எட்டு போட்டா ஒரு சாண் துண்டு வீணாப் போச்சு. ஒவ்வொண்ணையும் கொஞ்சம் ஒடுக்கி ஒன்பது போட்டேன். துளி மிச்சமில்ல. உட்காரப் போறவன் எண்ணவா போறான்னு நினைச்சேன்.”

“நாப்பத்தோரு வருஷமா என்னைத் தப்பாவே தைக்க வச்சிருக்க!”

“நீ நல்லாத்தானே தச்ச.”

“சீட்டுக்கு ஒரு மடிப்பு கூடுதல்! என் தோள்பட்டை வலிக்கு இன்னிக்குத்தான் காரணம் தெரியுது.”

‘அவள் கண்கள் கலங்கின’ என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். அதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

(அடிக்குறிப்பு. கையேட்டை எழுதியவர் அளந்து பார்த்தது எங்கள் உறை போட்ட ஒரு வண்டியை. கையேட்டைப் பார்த்து நடுவர்கள் எண்ணினார்கள். நடுவர்களுக்குப் பயந்து மற்றவர்கள் மாற்றிக்கொண்டார்கள். ஒரு சாண் ரெக்சின் செய்த வேலை.)

4

இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்ததை அக்கா அன்று ஏன் சொன்னார்? கடைசி ஆர்டர்தான் காரணம். ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவருடையது. அவருடைய பூசணி அவர் அப்பா புதிதாக வாங்கியது. இருக்கையில் யாரும் கை வைத்ததில்லை. போன கண்காட்சியில் நடுவர் எண்ணினார், எட்டு வந்தது, ‘போலி’ என்று எழுதிவிட்டுப் போனார். டாக்டர் இருக்கைகளைக் கழற்றி எங்களிடம் அனுப்பிவிட்டார். ஒன்பது போட்டுத் தர வேண்டும், பழைய உறையைக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.

“யாரோ அரைகுறை தச்சிருக்கான்னு நேத்து நான் சிரிச்சேனே!” என்றாள் என் மனைவி.

நேற்று அக்கா அவளோடு சேர்ந்து சிரிக்கவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. சொன்னால் நாற்பத்தோரு வருஷப் பேர் கடை மூடும் நாளில் கவிழும். சொல்லாவிட்டால், தனக்குத் தெரிந்து மிஞ்சியிருக்கும் ஒரே சரியான இருக்கையைத் தன் கத்தரியே கிழிக்க வேண்டும். புது உறைக்கு நிறம் பார்க்க டாக்டர் இன்று பதினொரு மணிக்கு வருகிறார்.

(டாக்டர்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. போனில் பேசியதோடு சரி. கதைக்கு அவர் கோபக்காரராக இருந்தால் வசதி.)

5

அவர் வர இருபது நிமிஷம் இருந்தது. கடிதத்தாளின் பின்பக்கம் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அக்கா வாயே திறக்கவில்லை. ஒன்பது மடிப்போடு பார்சல் போகிறது.

அக்கா எட்டிப் படித்தார். “பொய்யை மறைக்கிற மூஞ்சியா மாப்பிள்ளை இது?”

“நாப்பத்தோரு வருஷமா அந்த மூஞ்சிதானே” என்றாள் என் மனைவி.

முடிவு ஆ: ‘டாக்டரின் முகம் சிவந்தது. கையிலிருந்த—’

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டேன்.

6

அக்கா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“டாக்டர், உங்க சீட்டுதான் சரி. ஊர்ல இருக்கிற மத்ததெல்லாம் தப்பு. அந்தத் தப்பைப் பண்ணினது நான்.”

விஷயம் முழுவதையும் நின்றபடியே கேட்டார் டாக்டர். பிறகு தன் இருக்கையின் முன் மண்டியிட்டு, ஓரத்து மடிப்பிலிருந்து விரல் வைத்து எண்ணினார், கடைவாயிலிருந்து பல்லை எண்ணுவதுபோல.

“அப்ப எங்க அப்பா வண்டி போலி இல்லையா?”

“எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான் போலி இல்ல.”

“‘யாரோ உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க சார்’னான்மா அந்த நடுவர்!”

“ஏமாத்தினது வாஸ்தவம். உங்களை மட்டும் விட்டுட்டேன்.”

டாக்டர் தரையில் கிடந்த இருக்கையிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார். என் கோபக்காரர் அதோடு ஒழிந்தார்.

“ஓட்டுற சீட்டு எட்டாவே இருக்கட்டும். பக்கத்து சீட்டுக்கு மட்டும் ஒன்பது தச்சுக் குடுங்க. அதுல கழட்டுற பழைய உறையையும் தூக்கிப் போட்டுடாதீங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“ரெண்டு பக்கமும் மார்க் போயிடுமே டாக்டர்!” என்றார் அக்கா.

“போகட்டும்மா. அவன் எண்ணும்போது மூஞ்சியப் பார்க்கணும். ரிட்டையர் ஆனவனுக்கு வேற என்ன வேலை?”

“மறுபடியும் ஒன்பதா?” என்றாள் என் மனைவி, தோளைத் தடவிக்கொண்டே.

“நம்மளோட கடைசித் தப்பு. அழகா தை” என்றார் அக்கா.

அன்று மத்தியானம் அக்கா இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

7

பொருள்: கடை மூடுதல் மற்றும் ஒரு மடிப்பு தொடர்பாக.

கடிதம் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போய்விட்டது. “வாங்கின மெடலைப் பிடுங்கிட்டாங்கன்னு சண்டைக்கு வந்தா?” என்று கேட்டேன். “வரட்டும். மூடின கதவைத் தட்டட்டும்” என்றார் அக்கா. நடுவருக்கும் ஒரு பிரதி, பதிவுத் தபாலில்.

வரும் ஞாயிறு கண்காட்சி. டாக்டர் எங்களையும் கூப்பிட்டிருக்கிறார். அதனால்தான் சனிக்கிழமையே எழுதி முடிக்கிறேன். போய்ப் பார்த்துவிட்டால் நடந்ததைத்தான் எழுத வேண்டிவரும்.

நடுவர் கதவைத் திறக்கிறார். அக்குளில் கையேடு, சட்டைப்பையில் எங்கள் கடிதம். குனிந்து ஒரு பக்கம் எண்ணுகிறார், எட்டு. மறுபக்கம் எண்ணுகிறார், ஒன்பது. நிமிர்ந்து, பேனா மூடியைக் கழற்றுகிறார். அவர் இடத்தில் நான் உங்களை நிறுத்திவிட்டு விலகிக்கொள்கிறேன்.

மூன்றடி தள்ளி நின்று அக்கா உங்கள் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பை அடக்க வாயைப் பொத்தியிருக்கிறார். என்ன எழுதப் போகிறீர்கள்?