குண்டைச் சுற்றிய துணி

எல்க் மான் வேட்டைக்கு வாங்கிய, வாய்வழி மருந்து கெட்டிக்கும் புதுத் துப்பாக்கியின் குழலை, கம்பெனி எண்ணெய் போகும்வரை நேற்று வெந்நீரில் கழுவித் துடைத்து வைத்தேன். ஒரு வெடிக்கு எண்பது கிரெய்ன் எடை வெடிமருந்தே போதும் என்று மைத்துனன் ஆர்லோ நச்சரித்தான்.

இன்று கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டால், அடியைத் தொடாமல் மேலேயே நின்றது.

"யோவ் ஆர்லோ, ஏற்கெனவே கெட்டிச்சிருக்கு. உன் வேலையா?"

"மருந்து டப்பாவையே இன்னும் பிரிக்கல மச்சான்!"

எரிச்சலோடு கோலில் திருகாணி மாட்டிக் குண்டை வெளியே இழுத்தேன். வழக்கம்போல அதைச் சுற்றித் துணி இருந்தது. ஆனால் நீலக் கட்டம் போட்ட துணி. என் அண்ணன் லைல் போன வேட்டை சீசனில் இறந்தான்; அவனை அதே நீலக் கட்டச் சட்டையோடுதான் புதைத்தோம். எண்பது என்றாலே சண்டைக்கு வருவான். தொண்ணூறுதான் அவன் கணக்கு.

குழலைக் கவிழ்த்து, கொட்டிய மருந்தை அளந்தேன். தொண்ணூறு.

ஆர்லோ மருந்து டப்பாவை என் பக்கம் நகர்த்தினான். "தொண்ணூறே போடு மச்சான். நான் ஒண்ணும் சொல்லல."