தீவுச் சனத்தின் பங்கு

“தீவுச் சனத்தைக் கணக்கிலையிருந்து வெட்டிவிடும் எண்டுதான் சொல்லுறன், நீர் என்னடாவெண்டால்…”

“வெட்ட ஏலாது. இன்னும் பத்துத் தரம் சொன்னாலும்…”

“ஒருக்காக் கேளுமன், எவ்லின்…”

“முதல்ல நீங்கள் கேளுங்கோ.”

இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அடுப்பில் மீன்குழம்பு கொதித்துத் தெறித்தது. குறைத்துவிட இருவருக்கும் தோன்றவில்லை. ஜெர்மனியின் றொஸ்ரொக் நகரில் அந்த வீட்டுக் குசினி, சண்டை பிடிக்கப் போதாத அகலம். எவ்லின் கழுவுதொட்டியோடு சாய்ந்து நிற்க, அவள் புருஷன் சஞ்சயன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

சண்டை வீட்டுச் சண்டை அல்ல. பால்டிக் கடலில் ஒரு சின்னத் தீவு, அதன் முனையில் ஒரு பழைய கோட்டை. போர் வந்து கடல்வழி அடைபட்டால் அங்கே நிற்கும் படைக்கு என்னென்ன சேர்த்துவைக்க வேண்டும் என்று திட்டம் போடும் அலுவலகத்தில், எவ்லினுக்குச் சாப்பாட்டுப் பகுதி. சஞ்சயன் றிசேர்வ் படை அதிகாரி. அப்படி ஒரு நாள் வந்தால் அந்தக் கோட்டைக்குள் நிற்கப்போகிறவர்களில் அவனும் ஒருவன். திட்டத்துக்குக் கருத்துச் சொல்ல அவனையும் கூப்பிட்டிருந்தார்கள்.

கோட்டையில் ஈரம் ஏறாத நிலவறை இரண்டே இரண்டு. அவற்றுள் அடங்குவதுதான் கையிருப்பு. படைக்கு மட்டுமென்றால் கோடை முழுக்கத் தாங்கும். எவ்லினோ தீவில் குடியிருக்கும் மீன்பிடிக் குடும்பங்களையும் சேர்த்து எண்ணியிருந்தாள். அப்படி எண்ணினால் பாதிக் கோடையிலேயே நிலவறை வழித்துத் துடைத்ததுபோல ஆகிவிடும். சனத்தை முன்கூட்டியே கப்பலில் ஏற்றிவிடலாம், அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று வெள்ளிக்கிழமை அவளுடைய மேலதிகாரி, ஷெஃப், சொல்லிவிட்டார். திங்கட்கிழமை திட்டம் மேலிடத்துக்குப் போகவேண்டும்.

சஞ்சயன் முதலில் பகிடியாகத்தான் தொடங்கினான். எவ்லின் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம்: உலையில் அரிசி போடும்போது, வாறவைக்கென்று ஒரு பிடி கூடப் போடுவார்கள். யார் வருவார் என்று கேட்பதில்லை. எவ்லின் இங்கேயும் ரைஸ் குக்கரில் அப்படியே போடுவாள். சொல்லாமல் கொள்ளாமல் ஜெர்மனியில் யார் வருகிறார்கள்? மறுநாள் சஞ்சயன்தான் பழஞ்சோறு தின்பான், வராத விருந்தாளியைத் திட்டிக்கொண்டு. அந்தப் பிடியரிசியைக் கோட்டைக்குள்ளும் கொண்டுபோகப் பார்க்கிறாள் என்பது அவன் நக்கல்.

எவ்லின் சிரிக்கவில்லை. கப்பல் வந்தாலும், படுக்கையில் கிடக்கிற தகப்பனையும் கட்டின ஆட்டையும் விட்டுவிட்டு எல்லோரும் ஏறிவிடமாட்டார்கள் என்றாள். வன்னியில் போரின் கடைசி மாதங்களில், அங்கே அவ்வளவு சனம் இல்லையென்று எங்கோ ஒரு மேசையில் எழுதினார்கள். எழுதின அளவுக்குத்தான் அரிசி வந்தது. கஞ்சி வரிசைக்குப் போன அவள் தம்பி டெனிஸ்டன் திரும்பி வரவில்லை. சஞ்சயனுக்கு அது தெரியாததல்ல. கலியாணம் பேசும்போதே தெரியும்.

“அது வேறை, இது வேறை,” என்றான் அவன். “கோட்டை தாங்கவேணும். தாங்காட்டி உள்ளுக்கையும் ஒருத்தரும் மிஞ்சாயினம், வெளியிலையும் மிஞ்சாயினம். ஷெஃபுக்கும் நான் அதைத்தான் விளங்கப்படுத்தினனான்.”

சொன்ன பிறகுதான் வாயை மூடினான்.

எவ்லின் அடுப்பை அணைத்தாள்.

“அப்ப நீங்களோ எடுக்கச் சொன்னது?”

“ஓம். நான்தான்.” அவன் குரல் இறங்கிவிட்டது. “அங்கை நிக்கப்போறது நான், எவ்லின். எங்கடை கவிஷன் இன்னும் கைக்குழந்தை. நீர் அந்தச் சனத்துக்குப் போடுற ஒவ்வொரு மூட்டையும் என்ரை சாப்பாட்டுக் கோப்பையிலையிருந்து எடுக்கிறது. என்ரை மனுசியா இருந்து ஒருக்கா யோசிச்சுப் பாரும்.”

அவள் யோசிக்காமலா இருந்தாள்? படையின் மாவைக் குறைத்து எழுதிய ஒவ்வொரு தடவையும் அவன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது, கன்னம் ஒட்டிப்போன முகம். அவன் சொன்னதில் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் இந்தச் சண்டை இலேசாக முடிந்திருக்கும்.

மேசையிலிருந்த மடிக்கணினியில் திட்டத்தைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள். வெட்டுவதென்றால் அவனே வெட்டட்டும், தான் தடுக்கப்போவதில்லை, திங்கட்கிழமை தன் பெயரிலேயே அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். அவன் கையை நீட்டினான். நீட்டிய கை மேசை விளிம்பில் நின்றுவிட்டது.

“ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டு வெட்டுங்கோ,” என்றாள் எவ்லின். “அந்தச் சனம் பிள்ளையளோடை கோட்டை வாசல்ல வந்து நிக்கேக்கை, கதவைப் பூட்டச் சொல்லி நீங்களோ சொல்லுவியள்?”