வேண்டாம் என்று சொல்லக் காத்திருந்தவள்

வேலை பார்த்த மருத்துவமனையை இழுத்து மூடிவிட்டார்கள். மாதக்கணக்கில் வீட்டில் இருந்த நர்ஸுக்கு, வேறொரு தனியார் மருத்துவமனையிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வாயக் குடுத்து மாட்டிக்காத," என்று சொல்லி அனுப்பினான் கணவன். வாடகைக் கார் ஓட்டுகிறவன். வாயால் கெட்டவர்கள் கதை அவனிடம் நிறைய உண்டு.

வரவேற்பறையில் உட்கார வைத்தவர்கள் அவளை மறந்தே போனார்கள். அவள் கண்ணை மேயவிட்டாள். கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை. ஓர் இளம் நர்ஸ் ஒரு கையில் மருந்துத் தட்டோடு, நின்றபடியே ரொட்டியைப் பிய்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள். யாரோ அதட்டிக் கூப்பிட, மீதியைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள்.

உள்ளே மேலாளர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "குழந்தைங்க இருக்கா? அடிக்கடி லீவு கேப்பீங்களா?"

"ஒரே பொண்ணு, காலேஜ் போறா. நான் ஒண்ணு கேக்கலாமா சார்? ராத்திரி ஷிப்ட்ல ஒரு நர்ஸ் எத்தனை நோயாளிங்களப் பாக்கணும்?"

இப்போதுதான் நிமிர்ந்தார். "இன்டர்வியூ உங்களுக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தானே சார்." வாய் முந்திக்கொண்டது.

அவர் சிரித்தார். "சொல்லி அனுப்பறோம்."

வீட்டுக்கு வந்ததும் அறிவித்துவிட்டாள்: "கூப்பிட்டா வரலன்னு சொல்லிடப் போறேன். அது ஆஸ்பத்திரி இல்ல, ஆள அரைக்கிற மில்லு."

"வர்ற வேலைய எட்டி உதைக்கிறா பாரு!" என்று குதித்தான் கணவன். "மகாராணிக்கு மெத்தை போட்டுத் தரணுமாக்கும்," என்றாள் மாமியார்.

அவள் அசரவில்லை. பாத்திரம் துலக்கும்போதெல்லாம், 'மன்னிக்கணும் சார், உங்க இடம் எனக்குச் சரிப்பட்டு வராது' என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். குரலில் கோபமும் இருக்கக்கூடாது, கெஞ்சலும் இருக்கக்கூடாது.

கைபேசிதான் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்காவது கூப்பிட வேண்டாமா? பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அவளே அழைத்தாள்.

"எந்த இன்டர்வியூ?" என்றாள் வரவேற்புப் பெண். "ஓ, அதுவா மேடம்? அதுக்கு முன்னாடியே ஆள் எடுத்தாச்சே. ஒப்புக்குத்தான் நாலு பேரக் கூப்பிட்டாங்க. யாரும் சொல்லலையா?"

"இல்ல... அந்த வேலை எனக்கு வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"சரி மேடம். ஆனா, அத யார்கிட்ட சொல்றது?" கிண்டலில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

சாயங்காலம் கணவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "போன் வந்துச்சா?"

"வந்துச்சு. வேணாம்னுட்டேன்."

அதன்பின் உறவில் யார் வந்தாலும் அதே பேச்சு. "கையில வந்த வேலையத் தள்ளிட்டா, திமிரு புடிச்சவ." அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரே நொடியில் எல்லாரும் இரக்கப்பட்டிருப்பார்கள். அந்த இரக்கத்துக்கு இந்த ஏச்சே தேவலை என்றிருந்தது.