நகல் என்று நான் நம்பியது

வாருங்கள், வந்து பாருங்கள்! பட்டப்பகலில், ஆறு பேர் கண்முன்னே, ஒருத்திக்கு வரவிருந்த பதவி பறிபோயிருக்கிறது. சாட்சிக்கு உங்களை அழைக்கிறேன். பறித்தவள் நான்.

ஒரு கண் மருத்துவமனையின் இணையதளத்தை எழுதுவது எங்கள் வேலை. அண்ணன் மனைவியை இந்த வேலையில் சேர்த்துவிட்டவளே நான்தான். இரண்டே ஆண்டுகளில் மேலாளர் வாயைத் திறந்தால் அண்ணி புராணம்!

"உங்க அண்ணி எழுதுற புரோகிராம் கண்ணாடி மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் கத்துக்கங்களேன்."

வயிறு எரிந்தது. குழுத்தலைவர் பதவியும் அவளுக்கே என்று பேச்சு எழுந்தபோது உடம்பே எரிந்தது.

கண்ணாடியில் கீறல் தேடினேன். பகல் ஒரு மணிக்கு மருத்துவமனை மூடியிருக்கும். அந்த நேரத்தைக் கொடுத்தாலும் அண்ணியின் நிரல் மறுக்காது என்று கூட்டத்தில் காட்ட நினைத்தேன். ஒரு மருத்துவரின் விவரங்களை ஒரே மூட்டையாகத் தாங்கிய ஆப்ஜெக்டை எடுத்து, 'நகல்' என்று பெயரிட்ட மாறியில், அதாவது நிரலில் மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டியில் வைத்து, அவர் நோயாளிகளைப் பார்க்கும் பத்து மணியை ஒரு மணியாக்கினேன். நிரல் மறுக்கவில்லை. துள்ளினேன்! மக்கள் பயன்படுத்தும் தளத்திலேயே இதைச் செய்தேன். நகல்தானே, யாருக்கு என்ன கெட்டுவிடும்?

எங்கள் நிரல்மொழியில் ஓர் எண்ணை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் தனிப் பிரதி பிறக்கும். ஆப்ஜெக்டைக் கொடுத்தாலோ, கிடைப்பது அதே வீட்டுக்கு இன்னொரு சாவி. தனி வீடு வேண்டுமானால் 'குளோன்' என்று எழுதிக் கேட்க வேண்டும். இதைச் சொன்னவளும் அண்ணிதான்.

"ஏய், குளோன் போட மறந்துடாதடி. அப்புறம் அசலே மாறிடும்."

அவள் சொன்னாள் என்பதற்காகவே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாறியதையெல்லாம் சேமிக்கும் அவளுடைய நிரல், நான் மாற்றிய அசலையும் சேமித்தது. நோயாளிகளுக்குப் புதிய நேரம் குறுஞ்செய்தியாகப் பறந்தது. மறுநாள் பத்து மணிக்கு மருத்துவர் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு இருபது பேர், சிலர் கண்ணில் கட்டோடு, பூட்டிய கதவின் முன் நின்றார்கள்.

"சேமிக்கிற பகுதி யாரு எழுதினது?" ஆறு பேர் கூடிய கூட்டத்தில் மேலாளர் மேசையைத் தட்டினார்.

"நான்தான் சார்," என்றாள் அண்ணி. "ஆனா நேரம் எப்படி மாறிச்சுன்னு பார்க்கணும்."

"பார்த்தது போதும்!"

அவள் கடவுச்சொல்லை முடக்கினார். யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று காட்டும் மாற்றப் பதிவேட்டை இனி அவளால் திறக்க முடியாது. பதவி எனக்கு வந்தது. கைநீட்டி வாங்கிக்கொண்டேன்.

படிக்கட்டில் அண்ணி சிரித்தாள். "பரவால்லடி, இனிமே ஆஃபீஸ்லயும் நீதான் அதட்டப்போற. வீட்ல பழகினதுதானே!"

தோற்றவள் சிரிக்கிறாள்; வென்றவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பின் மீதும் பொறாமைப்பட்டேன். இதை எழுதும் இந்தக் கணமும் படுகிறேன். ஆகவே என் மனசாட்சியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்!

என்னோடு வேலை செய்பவர்களே, திங்கட்கிழமை நான் குழுத்தலைவர் நாற்காலியில் அமர்வேன். பதிவேட்டைத் திறவுங்கள். 'நகல்' என்ற வரியையும் அதன் அருகில் நிற்கும் என் பெயரையும் மேலாளர் காதில் விழ உரக்கப் படியுங்கள். நானாக எழாவிட்டால், என்னை எழுப்புங்கள்!