என் பங்குக் கறி

பக்ரீத்துக்கு லீவு கிடைக்கவில்லை. துபாயிலிருந்து நான் செஞ்சிக்கு வந்து சேர்ந்தபோது பண்டிகை முடிந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"தாவூத்து, குர்பானிக் கறியில உன் பங்கு பத்திரமா இருந்துதுடா. பிரிட்ஜில எடுத்து வெச்சேன். தோ, கொழம்பு கொதிக்குது."

ஒரு வாரத்துக் கறியா! நான் வாங்கிக் கொடுத்த பிரிட்ஜ் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு கூடத்தில் நின்றது. திறந்தேன். மேலே ஐஸ் அறை முழுக்கத் தண்ணீர்க் கிண்ணங்கள். கீழே பக்கத்து வீட்டு ஜோசபின் அக்கா வைத்த இட்லி மாவு, மூடியில்லாமல். யாருடைய மல்லிகைப்பூவோ. அதை நசுக்கிக்கொண்டு ஒரு சாம்பார்ச் சட்டி, தொட்டால் இன்னும் சூடு. காய் வைக்கும் தட்டில் ரத்தக்கறை.

"கறிய ஐஸ் அறையில வெக்கலையா?"

"அங்க ஏதுடா எடம்? தெருவே ஐஸ் கேக்குது. இல்லன்னு சொல்லவா?"

"உள்ள ஜில்லுனே இல்லியேம்மா!"

"இப்பத்தான போட்டேன். தெனம் ராத்திரி நிறுத்திட்டுத்தான் படுப்பேன். கர்ர்ருனு கத்திக்கினே கெடக்குது. அதுக்கும் ஓய்வு வேணாமா?"

"நிறுத்தாதீங்கன்னு கேசட்டுல அவ்ளோ பேசி அனுப்பினேனே?"

"கேட்டமே. உன் கொரலக் கேட்டதும் அழுவ வந்துட்டுது. இன்னா சொன்னன்னு யாரு கவனிச்சா?"

தலைப்பிரசவத்துக்கு அவலூர்பேட்டையிலிருந்து வந்திருந்த தங்கை முன்னி, இதற்குள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"முன்னி, தொடாத!"

"போண்ணே. ஒரு வாரமா எச்சி முழுங்கறேன். உன் பங்குன்னு ஒரு துண்டு குடுக்கல இந்தம்மா."

கரண்டியை முகர்ந்தேன். மசாலாவுக்கு அடியில் அந்த வாடை இருந்தது.

"கெட்டுப்போச்சும்மா."

"லேசா வாட வந்துது. மஞ்சத்தூள் போட்டு நல்லா அலசிட்டேன். பிரிட்ஜில இருந்தது எப்பிடிடா கெடும்?"

"நிறுத்திட்டா அது வெறும் பீரோம்மா!"

"கத்தாத, தெரு கேக்கும்."

"கேக்கட்டும்! புள்ளத்தாச்சிக்கு வாந்தி பேதி வந்தா திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிக்கினு ஓடறது?"

முன்னி பிசைந்த கவளத்தைத் தூக்கினாள். தட்டைப் பிடுங்கினேன். குழம்புச் சட்டியோடு அதையும் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் குழி தோண்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினேன்.

அம்மா பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"பக்கத்து வீட்டு ஜோசபின் கேட்டப்பகூட குடுக்கலடா. அது என் புள்ளையோடதுன்னேன்."

கையில் மண்வெட்டியோடு நின்றேன். கோபம் இருந்தது. அதை யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

"அப்போ பிரிட்ஜு ராவும் பகலும் ஓடட்டுங்கறியா?"

"ஓடட்டும்மா."

"சூடாயி வெடிச்சுடுச்சுன்னா?"

"வெடிக்காது!"

"நீ சொல்லிட்டுப் பிளேன் ஏறிடுவ. அப்பால நான் யாரப் போய்க் கேக்கறது?"

உள்ளேயிருந்து முன்னி கத்தினாள். "சண்டைய நாளைக்கு வெச்சுக்கங்க. யாராச்சும் ஒரு முட்டையாவது ஒடச்சு ஊத்துங்க, பசி உயிரு போவுது!"