பெரியவரு நிக்காரு

டிலி நகரத்தை அனுசுயா சுருளிப்பட்டியை விட்டு அசையாமல், திராட்சைப் பந்தலுக்குக் கீழே குத்தவைத்தபடியே சுற்றிப் பார்த்தாள். மகள் ஓவியா வீடியோ காலில் காட்டக் காட்டப் பார்த்தாள். கிழக்குத் திமோர் என்று ஒரு நாடு, அதற்கு டிலி தலைநகரம் என்பதெல்லாம் மகளுக்கு அங்கே குடிநீர்க் குழாய்த் திட்டத்தில் இன்ஜினியர் வேலை கிடைத்த பிறகுதான் அவளுக்கே தெரியும். அவளை விடுங்கள், ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. யாராவது கேட்டால், "சிங்கப்பூருக்கு அங்கிட்டு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

மகள் போய்ப் பதினெட்டு நாள்தான் ஆகிறது. ஊர் சுற்ற இன்றைக்குத்தான் ஆபீஸ் கார் கிடைத்திருக்கிறது. காலையிலிருந்து போனும் கையுமாக இருக்கிறாள் பிள்ளை. கடற்கரை ரோட்டில் ஆலமரத்தடியில் இளநீர்க் குலைகள். குன்றின் உச்சியில் உலக உருண்டை மேல் கையை விரித்து நிற்கும் ஏசு. சந்தையில் அடுக்கடுக்காகப் பப்பாளி, கீரைக்கட்டு, கருவாடு.

"கீரை நம்மூர்க் கீரை மாதிரியேல்ல இருக்கு," என்றாள் அனுசுயா. "சரி, பாத்தது போதும். ரூமுக்குப் போ ஆத்தா."

"இப்பத்தானம்மா கெளம்பிருக்கேன்! இன்னும் ஊருக்கு வெளிய போகணும்."

வெளியே போகணுமாம். அனுசுயா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். கார் கடலை ஒட்டி மலையைக் குடைந்த பாதையில் ஏறியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். லோயர் கேம்ப்புக்கு மேலே குமுளி ரோட்டில் பஸ் திரும்பும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவள் அவள். மலை இறங்கியதும் வயல் வந்தது. எருமைகளை விட்டுச் சேறு மிதிக்க வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் மூச்சு வந்தது.

முன்னெல்லாம் அவள் இப்படிப் பயந்த பொம்பளை இல்லை. மூன்று வருசத்துக்கு முன்னால், இதே தோட்டத்துக்கு லோடு ஏற்ற நாகராஜ் என்று ஒரு டிரைவர் வந்தார். தாராபுரத்துக்காரர், இந்தப் பக்கமே புதிது. பழம் ஏற்றி முடிந்ததும் முகம் கழுவ ஓடைப் பக்கம் கிளம்பினார்.

அனுசுயாதான் கூப்பிட்டுச் சொன்னாள். "அண்ணே, அங்கன போகாதீக. பெரியவரு நிக்காரு."

யானை என்ற பேரை அந்தக் காட்டோரத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்ட மாதிரி, வந்து நிற்கும் என்று பயம். பெரியவரு என்பார்கள். கைக்குழந்தைக்கும் அது தெரியும். தாராபுரத்துக்காரருக்கு எப்படித் தெரியும்? யாரோ வயசான மனுசர் குளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். "பெரியவருக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேங்க, ஓரமாக் கழுவிட்டு வந்துர்றேன்," என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அவளுக்கு ஓடையிலிருந்து அலறல் கேட்ட பிறகுதான் புரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆள் உயிரோடு இல்லை.

"முன்கூட்டியே எச்சரிச்சியாம்மா?" என்று போலீஸ்காரர் கேட்டார். "சொன்னேன்," என்றாள். அது பொய்யில்லை. என்ன வார்த்தையில் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. புருசன் சுருளிராஜனும் கேட்கவில்லை. அவளாகவும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஓடைக்கு முதுகைக் காட்டி உட்காருவதே இல்லை அவள்.

இன்றைக்கும் தோட்டத்தில் லோடு நாள். சுருளிராஜன் பந்தலின் அந்தக் கோடியில் ஆட்களோடு பழம் வெட்டிக்கொண்டிருந்தார். வரப்போரம் வண்டி நின்றது.

"அம்மா, இங்க பாரு! ஆறு கடல்ல கலக்குற எடம்." ஓவியா காரை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தாள். கூட வந்த டிரைவர் மேலே ரோட்டுக் கடையில் இளநீர் வெட்டச் சொல்லி நின்றான். மணல், கலங்கல் தண்ணீர், அதற்கு அப்பால் நீலக் கடல். "சேறா இருக்கு. காலக் கழுவிட்டு வந்துர்றேன்."

பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. என்னமோ நீட்டி நீட்டிக் கத்தியது.

"யாரு ஆத்தா அது?"

"மீன் விக்கிற அம்மா. அவோ, அவோங்கறாக. அவோன்னா இங்க தாத்தான்னு அர்த்தம். தண்ணிப் பக்கம் யாரோ தாத்தா இருக்காராம் போல." ஓவியா சிரித்தாள். "எம்புட்டு மரியாதை பாரு, நம்மூரு மாதிரியே. தாத்தாவத் தொந்தரவு பண்ணாம ஓரமாக் கழுவிக்கிறேன்."

அனுசுயா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பேச்சை, அதே சிரிப்போடு, அவள் முன்னால் ஒரு தரம் கேட்டிருக்கிறாள்.

"தாத்தா எங்க இருக்காரு? காட்டு."

போன் வட்டமடித்தது. மணல். தண்ணீர். கரையோரம் ஒரு கட்டை. ஆள் அரவமே இல்லை.

"யாரையும் காணமே ம்மா. போயிட்டாரு போல."

"ஏ பிள்ள, ஏறு! கரைக்கு ஏறு!"

"என்னம்மா? வெட்டி வெட்டிக் கேக்குது."

"தண்ணிக்குள்ள எறங்காத! அது தாத்தா இல்லடீ!"

"கேக்கலம்மா..."

ஓவியா ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டாள். அங்கே என்ன நிற்கிறது, எது கிடக்கிறது, அதற்கு என்ன பேர் என்று அனுசுயாவுக்குத் தெரியாது. பேர் சொல்லக்கூடாத ஒன்று அங்கே இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். அவளுக்குத் தெரிந்த அப்படிப்பட்ட பேர் ஒன்றுதான். எழுந்து நின்று, பந்தல் அதிரக் கத்தினாள்.

"யானை! யானைடீ!"

படம் அப்படியே உறைந்தது. தண்ணீரில் ஒரு கால், திரும்பிய முகத்தில் பாதிச் சிரிப்பு. பிறகு அதுவும் போய்த் திரை கறுத்தது.

திரும்பக் கூப்பிட்டாள். 'காலிங்' என்றே நின்றது, 'ரிங்கிங்' என்று மாறவில்லை. சிக்னல் வேண்டும் என்று வாய்க்கால் மேட்டுக்கு ஓடினாள். வழியில் செருப்பு ஒன்று கழன்று போனது. மறுபடியும் காலிங். காலிங். "சுருளி வேலப்பா, எம்பிள்ளையக் காப்பாத்து, நான் செஞ்சதுக்கு என்னைய எடுத்துக்க," என்று வாய்விட்டு அழுதாள். அந்தப் பாதிச் சிரிப்பு கண்ணை விட்டுப் போகவே இல்லை. மகள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அதுதானா என்று நினைத்ததும் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுருளிராஜன் கத்திரிக்கோலும் கையுமாக ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஏய், பேரச் சொல்லியா கத்துன? எங்கன நிக்கிது? ஓடைலயா?"

"இங்க இல்ல. நம்ம பிள்ளகிட்ட." போனை நீட்டினாள். பதினோரு நிமிசம் அந்த மேட்டில் இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

போன் அடித்தது.

"அம்மா." ஓவியாவுக்கு மூச்சு இரைத்தது. காருக்குள் இருந்தாள், கன்னமெல்லாம் மணல். "அம்மா, முதலைம்மா. இங்க முதலையத்தான் தாத்தாம்பாகளாம். டிரைவர் இப்பத்தான் தலைல அடிச்சுக்கிட்டுச் சொல்றாரு. அங்க கட்டை கெடந்துச்சுல்ல? எனக்கும் அதுக்கும் நடுவுல நாலு முழந்தான் இருக்கும். நான் ஓடுன ஓட்டத்துல திரும்பிப் பாத்தா, கட்டை தண்ணிக்குள்ள போகுது."

"ஏறுன்னு கத்துனேனே, கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல. யானைன்னு ஒரு சத்தந்தான் கேட்டுச்சு. இந்த ஊர்ல ஏது யானைன்னு நான் யோசிக்கக்கூட இல்லம்மா. செத்தாலும் நீ அந்தப் பேரச் சொல்ல மாட்டியே. நீயே சொல்றேன்னா... ஓடிட்டேன்."

மகள் அழுதாள். அம்மாவும் அழுதாள். சுருளிராஜன்தான் போனை வாங்கி, "ரூமுக்குப் போய்ச் சேந்துட்டுப் பேசு தாயி," என்றார்.

அனுசுயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்கு இறங்கினாள். லோடு ஏற்றி முடிந்திருந்தது. இன்றைக்கு வந்த டிரைவர் கரூர்ப் பக்கத்து ஆள், சின்ன வயசு. கையெல்லாம் பிசுபிசுப்பு. காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடையைப் பார்க்க நடந்தார்.

"தம்பி, அங்கன போகாதீக," என்றாள்.

"ஏங்க்கா?"

"யானை."

காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த பொம்பளைகள் கை அப்படியே நின்றது. "ஏத்தா, என்ன பேச்சு பேசுற!" என்று ஒருத்தி வாயில் அடித்துக்கொண்டாள். அனுசுயாவுக்கும் பயம்தான். ஓடைப் பக்கம் மூங்கில் அசைகிறதா என்று பார்த்தபடியே, டிரைவருக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னாள்.

"யானை வரும் தம்பி. யானை. மூணு வருசத்துக்கு முந்தி வந்தவருக்கு நான் இந்தப் பேரச் சொல்லல."

சுருளிராஜன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் பாட்டிலோடு திரும்பி வந்தார். அவள் குடத்தைச் சாய்த்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள்.